ரசிகர் குழுவில் சேர முடியவில்லையா, விக்கி கிடைக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

ஒரு கதையோ விளையாட்டோ மனதுக்குப் பிடித்துப்போய்விட்டால், அடுத்து அதைப் பற்றிப் பேச நாலு பேர் வேண்டும் என்று தோன்றும். அந்த நாலு பேர் இணையத்தில் எங்கோ கூடித்தான் இருக்கிறார்கள். வாசல் எது என்று தெரிவதில்லை. தெரிந்தாலும் சில சமயம் திறப்பதில்லை.

நான் சில வருடங்களாக ஒரு சிறிய ரசிகர் விக்கியில், அதாவது ரசிகர்களே சேர்ந்து எழுதித் திருத்தும் இணையக் கலைக்களஞ்சியத்தில், தொகுத்து வருகிறேன். அதோடு சேர்ந்த டிஸ்கார்டு சர்வரில் (டிஸ்கார்டு ஒரு அரட்டைச் செயலி; சர்வர் என்பது அதில் ஒரு குழுவின் தனி இடம், அதன் அறைகள்தான் சேனல்கள்) புதிதாக வருபவர்களை உள்ளே விடும் பொறுப்பும் என்னுடையது. அங்கே உட்கார்ந்து பார்த்ததில், எல்லோரும் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்வது ஒரு சில இடங்களில்தான். அதிலும் பெரும்பாலும் ஒரே காரணம்: கூட்டம் இடம் மாறிப் போயிருக்கும், தேடி வருபவர் பழைய இடத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆகவே அறிகுறி எதுவானாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். அந்த இடத்தில் கடைசியாக ஒரு மனிதர் எழுதியது எந்தத் தேதி? அதைப் பார்த்த பிறகு, கீழே உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

தேடினால் செய்தியும் விற்பனையும்தான் வருகிறது, ரசிகர்களைக் காணோம்

படைப்பின் முழுப் பெயரைப் போட்டுத் தேடினால், தேடுபொறி விற்பவர்களைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ரசிகர்களோ முழுப் பெயரை எழுதுவதே அபூர்வம். சுருக்கப் பெயர், செல்லப் பெயர், மூலமொழிப் பெயர் இவற்றில்தான் அவர்கள் பேச்சு ஓடும். 'அட்டாக் ஆன் டைட்டன்' என்று ஊரெல்லாம் அறிந்த தொடரின் ஜப்பானியப் பெயர் 'ஷிங்கெகி நோ கியோஜின்'. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் அந்த ஜப்பானியப் பெயரிலேயே ஒரு பெரிய குழு நீண்ட காலமாக இயங்குகிறது. ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவர் அதைத் தவறவிட வாய்ப்புண்டு.

அந்தச் செல்லப் பெயர் தெரியவில்லையா? கதையில் முக்கியமே இல்லாத ஒரு பாத்திரத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நாயகன் பெயரைப் போட்டால் செய்தித் தளங்கள் வரும். மூன்றாம் பாகத்தில் இரண்டு நிமிடம் வந்துபோகும் வாயிற்காவலனின் பெயரை ரசிகர்களைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் விக்கி என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். எனக்கு இது அநேகமாகப் பொய்த்ததில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரசிகர் கதைகளின் பெரும் களஞ்சியமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில், ஏஓ3 என்று சுருக்கமாகச் சொல்வார்களே, அங்கே போய் படைப்பின் பெயரைத் தட்டுங்கள். ஒரே படைப்புக்கும் பாத்திரத்துக்கும் ஆளுக்கொரு மாதிரி எழுதும் குறிச்சொற்களை அங்குள்ள தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு குறிச்சொல்லின் பக்கத்தைத் திறந்தால், அதே பொருளில் வழங்கும் மற்ற பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். கதை படிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், ரசிகர்கள் எந்தப் பெயரில் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அகராதி எனக்குத் தெரியாது.

விக்கி கிடைத்துவிட்டால் குழுவும் கிடைத்த மாதிரிதான். முதல் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ அவர்கள் பேசிக்கொள்ளும் இடத்துக்கு இணைப்பு இருக்கும். இல்லையென்றால், அண்மையில் அதிகம் தொகுத்தவரின் பேச்சுப் பக்கத்தில் 'நீங்கள் எல்லோரும் எங்கே பேசிக்கொள்கிறீர்கள்?' என்று கேளுங்கள். இதற்குக் கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

ஒரே படைப்புக்கு இரண்டு விக்கி இருக்கிறது, அல்லது விக்கியில் இருப்பதெல்லாம் பழசு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஜிம்மி வேல்ஸும் ஆஞ்சலா பீஸ்லியும் 2004-இல் விக்கிசிட்டீஸ் என்ற பெயரில் ஒரு தளம் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடித்த பொருளுக்கு ஒரு விக்கியை அங்கே திறந்துகொள்ளலாம். அது 2006-இல் விக்கியா ஆனது, பிறகு ஃபேண்டம் ஆனது. ரசிகர் விக்கிகளில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் வளர்ந்தது. ஆனால் விளம்பரங்கள் பக்கத்தை அடைத்துக்கொள்கின்றன, தளத்தின் அமைப்பு தங்கள் கையில் இல்லை என்ற மனக்குறை பல தொகுப்பாளர்களுக்கு வந்தது. சில குழுக்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. ரூன்ஸ்கேப் விக்கி 2018-இல் வெளியேறியது. மைன்கிராஃப்ட் விக்கி 2023 செப்டம்பரில் தனி முகவரிக்குப் போனது.

அங்கே உள்ள எழுத்து பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, பெயர் குறிப்பிட்டுப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் உரிமத்தில் வருவதால், கிளம்புகிறவர்கள் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டு போக முடியும். ஆனால் பழைய விக்கி அழிக்கப்படுவதில்லை. யாராவது தொடர்ந்து எழுதட்டும் என்று அப்படியே திறந்து கிடக்கும். தேடுபொறிக்கோ நெடுநாள் பழகிய முகவரிமேல்தான் நம்பிக்கை. பல மாதம், சில சமயம் பல வருடம், பழையதையே முதலில் காட்டும். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் உட்கார்ந்து நாம் படித்துக்கொண்டிருப்போம்.

எது உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு விக்கியிலும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கில விக்கியில் அது ரீசன்ட் சேஞ்சஸ் என்று இருக்கும். வழக்கமாகக் கடைசி ஏழு நாள் மாற்றங்கள் தெரியும். எத்தனை மாற்றம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், என்ன மாற்றம் என்று பாருங்கள். உயிருள்ள விக்கியில் ஒருவர் ஒரு ஆயுதத்தின் அளவைத் திருத்தியிருப்பார். ஆறு நிமிடம் கழித்து இன்னொருவர் அதில் ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்து, 'புதிய பதிப்பின்படி' என்று குறிப்பு எழுதியிருப்பார். அதன்கீழே மூன்றாவது ஆள் அதே பக்கத்தில் ஒரு படத்தை மாற்றியிருப்பார். ஆள் போன விக்கியில், பெயரில்லாத யாரோ ஒருவர் பாத்திரத்தின் பக்கத்தில் கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போயிருப்பார். நாலு நாளாகியும் அதை எடுக்க ஒருவர் வந்திருக்க மாட்டார். இது ஒன்றைப் பார்த்தாலே போதும்.

அடிக்கடி இந்தத் தொல்லை வந்தால், இண்டி விக்கி பட்டி என்று ஒரு பிரவுசர் நீட்சி இருக்கிறது. குழு வேறு இடத்துக்குப் போயிருந்தால் தேடல் முடிவிலேயே உங்களைப் புதிய விக்கிக்குத் திருப்பிவிடும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: ஃபேண்டத்தில் இருப்பதெல்லாம் காலி வீடு இல்லை. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் 2003-இல் தொடங்கிய மெமரி ஆல்ஃபாவும், ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் 2005-இல் தொடங்கிய வூக்கிபீடியாவும் அங்கேதான் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. முகவரியை வைத்து முடிவுகட்டாமல் தேதியைப் பாருங்கள்.

ஒரே பாத்திரத்துக்கு இரண்டு வாழ்க்கை வரலாறு, இரண்டும் முரண்படுகின்றன

இதில் பிழை எதுவும் இல்லை. எது 'அதிகாரபூர்வக் கதை' என்பதற்கு ஒவ்வொரு விக்கியும் ஒரு எல்லை வகுத்திருக்கும். ஸ்டார் வார்ஸின் பழைய நாவல்களும் காமிக்ஸும் இனி 'லெஜண்ட்ஸ்' என்ற தனிப் பெயரில் வரும் என்று லூகாஸ்ஃபிலிம் 2014-இல் அறிவித்தது. அதிலிருந்து வூக்கிபீடியாவில் பல பாத்திரங்களுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. மேலே உள்ள தாவலைச் சொடுக்கினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம். ஸ்டார் ட்ரெக்கிலோ விக்கியே இரண்டு: திரையில் வந்ததற்கு மெமரி ஆல்ஃபா, நாவலும் விளையாட்டும் சேர்ந்ததற்கு மெமரி பீட்டா. உங்களுக்கு எது வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு படியுங்கள்.

அழைப்பு இணைப்பைச் சொடுக்கினால் செல்லாது என்கிறது

டிஸ்கார்டு அழைப்பு, உருவாக்கியவர் மாற்றாவிட்டால், ஏழு நாளில் காலாவதியாகிவிடும். யாரோ ஒருவர் போன வருடம் ஒட்டிவைத்த இணைப்பு இன்று திறக்காததில் வியப்பில்லை. அதே இணைப்பை இன்னும் பத்து இடத்தில் தேடி எடுத்துப் பயனில்லை. விக்கியின் முதல் பக்கம், படைப்பாளியின் தளம், ரெடிட் குழுவின் ஓரப்பட்டை ஆகியவற்றில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். அவை பெரும்பாலும் காலாவதியாகாத இணைப்புகள்.

பழைய இணைப்பு திடீரென்று வேலை செய்தால்தான் நான் அதிகம் எச்சரிக்கையாக இருப்பேன். கைவிடப்பட்ட அழைப்புப் பெயர்களை வேறு யாரோ எடுத்துக்கொண்டு, அசல் போலவே ஒரு போலி சர்வரை நிறுத்திவைப்பது நடந்திருக்கிறது. உள்ளே போனதும் உறுப்பினர் எண்ணிக்கையையும், கடைசியாக யார் என்ன பேசினார்கள் என்பதையும் பாருங்கள்.

இணைப்பு நல்லதாக இருந்தும் சேர முடியவில்லையா? இலவசக் கணக்கு 100 சர்வர்களில்தான் இருக்க முடியும். பல வருடமாகச் சேர்ந்துகொண்டே வந்தவர்களுக்கு இது தெரியாமல் நிரம்பியிருக்கும். இரண்டு மூன்றை விட்டு வெளியே வந்துவிட்டு முயலுங்கள்.

சர்வருக்குள் வந்துவிட்டேன், ஆனால் ஒரே ஒரு சேனல்தான் தெரிகிறது

எங்கள் சர்வரில் வாரம் ஒருவராவது இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். ஆயிரம் பேர் இருப்பதாகக் காட்டும், திரையில் விதிகள் எழுதிய ஒரே ஒரு சேனல் மட்டும் தெரியும். செத்த சர்வர் போலிருக்கிறது என்று நினைத்து வெளியேறிவிடுவார்.

அந்த விதிகளைக் கடைசிவரை படியுங்கள். நிஜமாகவே கடைசிவரை. சாவி அடியில்தான் இருக்கும்: ஒரு குறியைத் தொடச் சொல்லியிருப்பார்கள், அல்லது விதிகளின் நடுவே ஒளித்துவைத்த ஒரு சொல்லை எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. தானாக வந்து குப்பை கொட்டும் கணக்குகளுக்கு அது தெரியாது, படித்தவருக்குத் தெரியும். அவ்வளவுதான் அதன் நோக்கம். அப்புறம், சேனல் பட்டியலின் உச்சியில் 'சேனல்ஸ் அண்ட் ரோல்ஸ்' என்று இருந்தால் அதைத் திறந்து உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு செய்யாத வரை பல சேனல்கள் மறைந்தே இருக்கும்.

சேனல் தெரிகிறது, எழுத மட்டும் விடவில்லை என்றால் அது சர்வரின் சரிபார்ப்பு நிலை. மின்னஞ்சல் உறுதிசெய்திருக்க வேண்டும் என்பது முதல் படி. அடுத்தது, கணக்குத் திறந்து ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கும் மேலே, அந்த சர்வரில் சேர்ந்து பத்து நிமிடம் கழிய வேண்டும். உச்சப்படியில் கைபேசி எண்ணை உறுதிசெய்யக் கேட்கும். எந்தப் படி என்று எழுதும் கட்டத்திலேயே சொல்லும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சரிபார்ப்பு என்ற பெயரில் ஒரு க்யூஆர் குறியைக் காட்டி, டிஸ்கார்டு செயலியால் ஸ்கேன் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். அந்தக் குறி கணினியில் உள்நுழைவதற்கானது. ஸ்கேன் செய்து சரி என்று தட்டினால் எதிரில் இருப்பவர் உங்கள் கணக்குக்குள் வந்துவிடுவார். எந்த ரசிகர் குழுவுக்கும் அது தேவையில்லை. எங்கள் குழுவில் ஒரு சின்னப் பெண் இப்படித்தான் கணக்கை இழந்தாள். அவள் வரைந்த படங்களையெல்லாம் அந்தக் கணக்கின் வழியாகத்தான் சேமித்து வைத்திருந்தாள்.

ரெடிட்டில் எழுதினேன், ஒருவர் கூடப் பதில் போடவில்லை

பதில் போடவில்லையா, அல்லது பார்க்கவே இல்லையா? உள்நுழையாத ஒரு தனிப்பட்ட சாளரத்தில் உங்கள் பதிவின் இணைப்பைத் திறந்து பாருங்கள். நீக்கப்பட்டதாகக் காட்டினால், குழுவின் தானியங்கி மாடரேட்டர், அதாவது பதிவுகளைக் கண்காணிக்கும் நிரல், எடுத்திருக்கலாம். கணக்கு புதியது, கர்மா (மற்றவர்களின் வாக்குகளால் சேரும் மதிப்பெண்) குறைவு என்பதுதான் வழக்கமான காரணம். உங்கள் கண்ணுக்கு மட்டும் பதிவு அப்படியே இருப்பதால் தெரியாமல் போகிறது. குறைந்தபட்ச வரம்பு என்ன என்று பல குழுக்கள் வெளியே சொல்வதில்லை; சொன்னால் குப்பைக் கணக்குகள் அதற்கேற்ப நடந்துகொள்ளும். இரண்டு வாரம் மற்றவர்களின் பதிவுகளில் கமென்ட் எழுதிப் பழகுங்கள். அவசரமென்றால் மாடரேட்டர்கள் அனைவருக்கும் பொதுவாகப் போகும் மாட்மெயிலில் பதிவின் இணைப்போடு இரண்டு வரி எழுதுங்கள். ஒரு மாடரேட்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்பது வேண்டாம்.

உங்கள் ப்ரொஃபைல் பக்கமே இல்லை என்று அந்தச் சாளரம் சொன்னால் அது குழுவின் வேலை இல்லை, தளமே கணக்கை மறைத்திருக்கிறது. ரெடிட்டின் மேல்முறையீட்டுப் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

விக்கியில் நான் சேர்த்ததை இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள்

எனக்கும் முதல் தொகுப்பு இப்படித்தான் போனது. ஒரு பாத்திரத்தின் வயதைச் சேர்த்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் காணோம். மாற்றக் குறிப்பில் ஒரே சொல்: 'ஆதாரம்?' முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பக்கம் இருந்து பார்க்கும்போது, அந்த ஒரு சொல்லை எழுதியவர் அன்றைக்கு ஐம்பது மாற்றங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று புரிகிறது.

முதலில் 'வரலாறு' தாவலைத் திறந்து அந்தக் குறிப்பைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஊகத்தை உண்மை போல எழுதியிருப்பீர்கள். அல்லது நீங்கள் காட்டிய மூலம் அந்த விக்கியின் எல்லைக்குள் வராது. மெமரி ஆல்ஃபாவில் நாவலில் படித்ததைப் பாத்திரத்தின் வரலாற்றுக்குள் சேர்த்தால் நிற்காது. அல்லது நடை பொருந்தாது. மெமரி ஆல்ஃபாவும் வூக்கிபீடியாவும் கதை உலகத்துக்குள் நின்று, எல்லாம் நடந்து முடிந்தது போல இறந்த காலத்தில் எழுதுகின்றன. நிகழ்காலத்தில் எழுதிய பத்தி அங்கே ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

எடுத்ததை மறுபடி போடாதீர்கள். போட்டால் அது தொகுப்புப் போர் ஆகும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தடை உங்களுக்கு வரலாம். அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில், எந்த அத்தியாயம், எத்தனையாவது நிமிடம் என்று எழுதிக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அதே நபர் தானே வயதைத் திரும்பச் சேர்த்து, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்றும் காட்டித் தந்தார். இன்றுவரை அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறேன்.

தொகுக்கும் பொத்தானே தெரியவில்லை என்றால் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது உங்கள் கணக்கு புதியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதிப் பூட்டுப் போட்ட பக்கங்களைத் தொட நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் வேண்டும். ரசிகர் விக்கிகள் தங்களுக்கென்று ஒரு அளவு வைத்திருக்கும். அதுவரை பூட்டில்லாத குட்டிப் பக்கங்களில் வேலை செய்யலாம், வேலைக்குப் பஞ்சமே இல்லை.

கணக்குத் திறக்கவே வரிசையில் நிற்கச் சொல்கிறது

ஏஓ3 2009 நவம்பரிலிருந்து இப்படித்தான், அழைப்பு வழியாகக் கணக்கு தருகிறது. மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், உங்கள் இடம் எத்தனையாவது என்று தளத்திலேயே பார்க்கலாம். அழைப்பு குப்பை அஞ்சலில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். படிப்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை. பூட்டுப் படம் போட்ட படைப்புகளுக்கு மட்டும் வேண்டும்.

முகவரி சரி, தளமே இல்லை

பழைய ரசிகர் தளங்கள் தனி ஒருவரின் உழைப்பில் நின்றவை. அவர் நிறுத்தினால் தளம் நின்றது. சில சமயம் தெருவே போய்விடும்: இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரிலும், மின்னஞ்சல் குழுக்கள் நடந்த யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரிலும் மூடப்பட்டபோது எத்தனையோ குழுக்களின் வீடு போனது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001-இல் திறந்த வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டுங்கள். நாட்காட்டியில் வட்டமிட்ட தேதிகள் வரும். கடைசித் தேதியை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் 'இந்த முகவரி விற்பனைக்கு' என்ற பக்கமாக இருக்கும். நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக முன்னே வாருங்கள். படங்கள் பாதி வராது, பரவாயில்லை. 'நண்பர்களின் தளங்கள்' என்றோ வெறுமனே 'இணைப்புகள்' என்றோ ஒரு பக்கம் இருக்கும், நீங்கள் தேடுவது அதைத்தான். அதில் உள்ள இருபது முகவரிகளில் ஒன்றிரண்டாவது இன்னும் உயிரோடு இருக்கும். அங்கே இருப்பவருக்குக் காணாமல்போனவர்களைத் தெரிந்திருக்கும். கடைசி அறிவிப்பில் 'இனி நாம் இங்கே சந்திப்போம்' என்று புது முகவரியே எழுதி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ரசிகர் கதைகளின் களஞ்சியம் ஒன்று மறைந்திருந்தால், அது ஏஓ3-க்குள் குடியேறியிருக்கலாம். அந்தத் தளத்தை நடத்தும் அமைப்பின் ஓப்பன் டோர்ஸ் திட்டம், மூடப்போகும் களஞ்சியங்களை எடுத்துவந்து பாதுகாக்கிறது. அதே அமைப்பின் ஃபேன்லோர் விக்கியில் எந்தக் குழு எப்போது எங்கே போனது என்ற வரலாறும் கிடைக்கும்.

தேடப் போய் கதையின் முடிவு தெரிந்துவிட்டது

போனது போனதுதான். அடுத்த முறை பாத்திரத்தின் பெயரைத் தேடல் பெட்டியில் முழுதாகத் தட்டாதீர்கள். 'இறப்பு' என்று அதுவே முடித்துக்காட்டும். விக்கியில் பாத்திரப் பக்கத்துக்குப் போகாமல், நீங்கள் பார்த்து முடித்த அத்தியாயத்தின் பக்கத்துக்கு மட்டும் போங்கள். குழுவில் சேர்ந்ததும் எதுவரை பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான குழுக்களில் அதற்கென்றே தனித்தனிச் சேனல் இருக்கும்.

எல்லாம் சரி, சேர்ந்தும் விட்டேன், யாரும் என்னோடு பேசவில்லை

'வணக்கம், நான் புதியவன்' என்ற வரிக்கு வரவேற்பு வரும், பேச்சு வராது. பதில் சொல்ல அதில் பிடிமானம் இல்லை. அதோடு, மற்றவர்கள் பேசும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். சேனலில் மேலே ஏறி, பேச்சு சூடாக இருந்த நேரம் எது என்று பார்த்து அப்போது வாருங்கள்.

வரும்போது ஒரு குறிப்பான விஷயத்தோடு வாருங்கள். எங்கள் சர்வரில் ஒருவர் எட்டு மாதம் ஒரு சொல் எழுதாமல் இருந்தார். ஒரு நாள், விக்கியில் உள்ள கோட்டை வரைபடத்தில் வடக்கு வாசல் தவறான சுவரில் இருக்கிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினார். கதையில் விளக்கேந்தி நடக்கும் பெண்ணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்துக் கண்டுபிடித்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் நாங்கள் ஆறு பேர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தோம். வரைபடத்தை மறுநாள் அவரே புதிதாக வரைந்து ஏற்றினார்.